மணலில் புதைத்த காது

நாலே முக்காலுக்கு அழைப்பு மணி அடித்தது.

அவள் சாப்பாட்டு மேசையில் உலோகம் தேடும் கருவியின் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவர் போய்க் கதவைத் திறந்தார். மாடி வீட்டுப் பெண் நின்றாள். மருந்துக்கடைச் சீருடையை இன்னும் மாற்றவில்லை. ஒரு கையில் மகளைப் பிடித்திருந்தாள். மகளை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வாண்டுவின் முழங்கால்களில் மணல். இடது காதுக்கு மேலே எப்போதும் ஒட்டியிருக்கும் சின்ன வட்டு இல்லை.

"அக்கா, காது மெஷினைப் புதைச்சுட்டா" என்றாள் மாடி வீட்டுப் பெண்.

"என்னது?"

"பூங்காவுல, மணல்ல. நீங்க வந்து கண்டுபிடிக்கணுமாம்."

வாண்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"பெரியம்மா, தேடுங்க!" என்று கத்தினாள். மெஷின் இல்லாதபோது அவள் குரல் அவளுக்கே கேட்காது.

அவள் தண்டை மேசைமேல் வைத்தாள்.

வாண்டு பிறந்ததிலிருந்தே காது கேளாதவள். இரண்டு வயதில் தலைக்குள் ஒரு கருவி வைத்துத் தைத்தார்கள். வெளியே இருப்பது இன்னொரு பாகம். காதுக்குப் பின்னால் தொங்கும் ஒரு துண்டு, அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், ஒயரின் முனையில் காந்தம் வைத்த வட்டு. தோலுக்கு உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம். இரண்டும் ஒட்டிக்கொண்டால் வாண்டுவுக்கு உலகம் கேட்கும். வெளியே இருக்கும் பாகம் போனால் எதுவும் கேட்காது. இன்னொன்று வாங்குவது அந்த வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. அவளுக்கு அது தெரியும்.

இன்னொன்றும் தெரியும். புதைத்தால் பெரியம்மா வந்து எடுப்பாள் என்பதை வாண்டுவுக்குக் காட்டியது அவள்தான்.

இந்த உலோகம் தேடும் கருவி வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தையல் ஆலையின் படிக்கட்டில் விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டவள் அவள். தகடு வைத்துத் திருகினார்கள். கட்டு பிரித்த பிறகும் கை இடுப்புக்கு மேலே எழவில்லை. பயிற்சி கொடுத்த பெண், பெருக்குவதுபோல் கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசச் சொன்னாள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு வீசினாள். சலித்துப்போய் விட்டுவிட்டாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவரிடமிருந்து ஒரு பழைய உலோகம் தேடும் கருவியைக் கடன் வாங்கி வந்தார். இரண்டு வீச்சில் அவள் அதைக் கீழே வைத்துவிட்டாள். தோள் இற்றுவிழும் கனம். மறுவாரம் அவர் புதிதாக ஒன்றோடு வந்தார்.

"இதைத் தூக்கிப் பாரு. தூக்கினமாதிரியே இருக்காது."

உண்மைதான். மூன்று துண்டுத் தண்டு, ஒரு தட்டு, முழங்கையைத் தாங்க ஒரு கிண்ணம், கைப்பிடியில் சின்னத் திரை. எல்லாம் சேர்ந்து ஒரு தண்ணீர் பாட்டிலின் கனம்தான்.

"எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டாள்.

"வீட்டைப் பெருக்குன்னு சொன்னா சண்டைக்கு வருவே. பூங்காவைப் பெருக்கு."

அவள் சிரித்தாள். விழுந்ததற்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று அவர் பிற்பாடு சொன்னார்.

கையேட்டைப் படித்தாள். தட்டிலிருந்து வரும் ஒயரைத் தண்டில் இறுக்கமாகச் சுற்ற வேண்டும், தொங்கினால் பொய்ச் சத்தம் வரும். மோதிரத்தைக் கழற்ற வேண்டும். தட்டைத் தரையை ஒட்டி, தேய்ப்புப் பெட்டியை நகர்த்துவதுபோல் மெதுவாக நகர்த்த வேண்டும். வீச்சின் முடிவில் தூக்கக் கூடாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தெரிந்த பொருள்களைத் தாங்களே புதைத்துத் தேடிப் பழகலாம் என்று ஒரு பக்கம் சொன்னது. அவள் ஒரு காசு, ஒரு பித்தளைக் கரண்டி, பீரோவின் பழைய பித்தளைச் சாவி மூன்றையும் எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பூங்காவின் மணல் தொட்டிக்குப் போனாள். வாண்டு பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள். புதைத்தாள், தேடினாள். கருவி கீச்சிட்டது. தோண்டினாள். வாண்டு கைதட்டினாள். மறுநாளும் அதையே செய்தார்கள்.

அதுதான் இப்போது வாசலில் வந்து நிற்கிறது.

"நான்தான் பழக்கிவிட்டேன்" என்றாள்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்றாள் மாடி வீட்டுப் பெண். "இவளுக்குப் புத்தி எங்க போச்சு? அத்தனை பொருள் இருக்கு வீட்ல. ஒரு ஸ்பூனைப் புதைக்கக் கூடாதா?"

இவளைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் எப்போதுமே அப்படித்தான். கட்டுப் போட்டிருந்த மாதங்களிலும், பிறகு கை எழாத நாள்களிலும் தினமும் காலையில் மருந்துக்கடைக்குக் கிளம்பும் முன் கீழே இறங்கி வந்து இவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள், எட்டாத கொக்கிகளை மாட்டிவிடுவாள். யாரும் கேட்கவில்லை. முதல் நாள் சீப்போடு வந்து நின்று, "உக்காருங்கக்கா, எனக்கு நேரமாச்சு" என்றாள். அவ்வளவுதான். ஒருமுறை இவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். "அட விடுங்கக்கா, ஆடாம இருங்க" என்று தலையைத் திருப்பிவிட்டாள். கை தலைவரை எழத் தொடங்கியதும் வருவதை நிறுத்திக்கொண்டாள். அதையும் யாரும் பேசவில்லை. அதற்கு ஈடாக என்ன கொடுப்பது என்று இவளுக்குத் தோன்றவேயில்லை. கொடுக்க நினைத்ததெல்லாம் சின்னதாக இருந்தது.

"கருவியில சார்ஜ் இருக்கா?" என்றார் கணவர்.

"முழுசா இருக்கு."

"அப்ப கிளம்பு. இன்னும் வெளிச்சம் இருக்கு."

மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வாண்டு முன்னால் ஓடினாள்.

மணல் தொட்டியைப் பார்த்ததும் ஓட்டம் நின்றது.

மணல் சமமாக இருந்தது. பள்ளம் இல்லை, மேடு இல்லை, ஒரு கால்தடம்கூட இல்லை. தோட்டக்காரர் தொட்டியின் மரச்சட்டத்தில் உட்கார்ந்து பலகையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் இழுத்துவிட்டேன்" என்றார். "காலைல லாரி வருது. பழைய மணலை அள்ளிட்டுப் புதுசு கொட்டப் போறாங்க. எல்லாம் ஒரே மட்டமா இருந்தாத்தான் மெஷின் அள்ளும்."

மாடி வீட்டுப் பெண் விஷயத்தைச் சொன்னாள். தோட்டக்காரர் எழுந்துவிட்டார்.

"எங்கண்ணுக்கு ஒண்ணும் படலியேம்மா."

"லாரியை ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்ல முடியாதா?" என்றார் கணவர்.

"என் பேச்சை எம்பொண்டாட்டியே கேக்கமாட்டா சார். லாரிக்காரன் கேப்பானா?"

"சலிச்சுப் பாத்தா?"

"இத்தனை மணலையா? ரெண்டு நாளாகும்."

மாடி வீட்டுப் பெண் மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். உதடு தெரியும்படி நிதானமாகக் கேட்டாள். "எங்க வெச்சே?"

வாண்டு கையை நீட்டினாள். இங்கே என்றாள். பிறகு கையைச் சறுக்குமரத்தின் பக்கம் திருப்பினாள். பிறகு இறக்கிவிட்டாள். மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இலை வெச்சேன்" என்றாள். "மேல இலை வெச்சேன்."

இலை எங்கேயும் இல்லை. அவள் கீழுதடு துடித்தது. விளையாட்டு முடிந்துவிட்டது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"நீ உக்காரு" என்று அவள் வாண்டுவுக்குச் சைகை காட்டினாள். "பெரியம்மா தேடறேன்."

காலால் மணலில் கோடு இழுத்தாள். தொட்டி நெடுக, தட்டின் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒன்றின் பக்கத்தில் ஒன்று. துணியை வெட்டும் முன் கோடு போடுவதை நாள் முழுவதும் பார்த்த கண். கோடு கோணவில்லை. கருவியை முடுக்கினாள். திரையில் காசுப் படம் தெரிந்தது. புதியவர்கள் இதிலேயே தொடங்கலாம், ஆணியும் தகரமும் தொந்தரவு செய்யாது என்று கையேடு சொல்லியிருந்தது. அதை அவள் மாற்றியதே இல்லை.

முதல் கோட்டில் நடந்தாள். இடமும் வலமும், மெதுவாக. தோளில் ஒரு இழுப்பு இருந்தது, வலி இல்லை. பழைய கருவியாக இருந்திருந்தால் இந்நேரம் கணவர் கைக்குப் போயிருக்கும். அவர் ஒருமுறை வாங்கிப் பார்த்தார். புல் வெட்டுவதுபோல் வீசினார். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க தோண்டினாப் போதும்."

"முதலாளி சொன்னாச் சரி."

இரண்டாவது கோடு. மூன்றாவது. சத்தம் இல்லை. நான்காவதில் கீச்சிட்டது. மாடி வீட்டுப் பெண் ஓடிவந்தாள். கணவர் சின்ன மண்வாரியால் கிளறினார். ஒரு காசு.

"பணக்காரங்க ஆயிட்டோம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு சத்தம் இல்லை. கோடு கோடாக அமைதி. சறுக்குமரத்தை அடைந்தாள். அதன் நான்கு இரும்புக் கால்களுக்கு அருகில் மட்டும் கருவி உறுமியது. அத்தனை பெரிய இரும்பைப் பார்த்து உறுமுகிறது என்று விட்டுவிட்டுத் தாண்டினாள். கடைசிக் கோடு முடிந்தது. தட்டைத் தூக்கினாள்.

"சுத்தம்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. ஆலையில் அவள் சொல்லும் சொல். தைத்து முடித்த ஆடைகள் பெட்டிக்குப் போகும் முன் கடைசியாக அவள் முன்னால்தான் வரும். ஓடும் பட்டைமேல் ஒவ்வொன்றாக வைப்பாள். பட்டை அதை ஒரு கூண்டுக்குள் கொண்டுபோகும். முறிந்த ஊசியின் துண்டு எங்காவது சிக்கியிருந்தால் கூண்டு அலறும், பட்டை நிற்கும், லைன் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அலறாமல் போனால் சுத்தம். குழந்தைகள் போடும் ஆடைகள். சத்தம் வராத நாள் நல்ல நாள். ஆண்டுக்கணக்காக அவள் உடம்பு வேண்டிக்கொண்டது அமைதியை மட்டும்தான். இப்போதும் அதே நிம்மதி வந்துவிட்டது, கேட்காமலே.

மாடி வீட்டுப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். நிம்மதி போனது.

"அப்ப இங்க இல்லையாக்கா?"

"மெஷின் கத்தல."

"வேற எங்கயாவது புதைச்சிருப்பாளோ? புல்லுல?"

வாண்டு தலையை ஆட்டினாள். உதட்டைப் படித்துவிட்டாள். "மணல்" என்று கத்தினாள். "மணல்! மணல்!"

"கத்தாதே" என்றாள் அம்மா. கேட்காது என்று தெரிந்தும் சொன்னாள். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் கருவியைப் பார்த்தாள். காலையில் ஆலைக்குள் நுழைந்ததும் முதல் ஆடையை வைக்கமாட்டாள். ஒரு அட்டை இருக்கும். அட்டைக்குள் கடுகைவிடச் சின்ன இரும்பு மணி ஒன்றை வைத்து ஒட்டியிருப்பார்கள். அதைக் கூண்டுக்குள் விடுவாள். அலற வேண்டும். அலறினால்தான் அன்றைய வேலை தொடங்கும். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி விடுவாள். கத்தத் தெரியாத மெஷின் சும்மா இருப்பதற்கு அர்த்தம் கிடையாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் அவள் சொல்லும் முதல் வாக்கியம் அது.

இன்று அந்த அட்டையை விடவில்லை. கரண்டியையும் சாவியையும் கண்டுபிடித்ததை நம்பிவிட்டாள்.

"ஏம்மா, இதே மாதிரி இன்னொண்ணு வீட்ல இருக்கா? பழசு, உடைஞ்சது, எதுவானாலும் சரி."

மாடி வீட்டுப் பெண் யோசித்தாள். "ஒயர் அறுந்து போன வட்டு ஒண்ணு இருக்கு. தூக்கிப் போட மனசு வரல."

"எடுத்துட்டு வா."

"எதுக்குக்கா?"

"ஓடு, வந்து கேளு."

அவள் ஓடினாள். கணவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"தோள் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"இருக்குன்னா?"

"கழண்டு விழல. போதுமா?"

மாடி வீட்டுப் பெண் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். உள்ளங்கையில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய ஒரு வட்டு, அதில் அரை விரல் நீளத்துக்கு அறுந்த ஒயர். அவள் அதை மணலில் வைத்தாள். மூடவில்லை. கண்ணுக்குத் தெரிய, மேலேயே வைத்தாள். கருவியின் தட்டை அதன் மேலே கொண்டுபோனாள்.

சத்தம் இல்லை.

மறுபடி. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். தட்டு வட்டின் மேல் உரசியே போனது. கருவி வாயைத் திறக்கவில்லை.

"அடப்பாவி" என்றார் கணவர். "எதிர்ல இருக்கறதே தெரியலியா இதுக்கு?"

"கெட்டுப் போச்சாக்கா?"

"இல்ல" என்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. பெரிய ஆசுவாசம் வந்தது. தேடியது இல்லாமல் போகவில்லை. தேடவேயில்லை, அவ்வளவுதான். "இது காசு, பித்தளை மாதிரி இருக்கறதை மட்டும்தான் கேக்குது. மத்ததெல்லாம் குப்பைன்னு ஒதுக்கிடுது. நான்தான் அப்படியே விட்டுட்டேன்."

பொத்தானை அழுத்தினாள். காசுப் படம் போனது. அடுத்த படம். அதற்கும் அடுத்தது. கடைசியில் எல்லா உலோகத்துக்கும் என்ற நிலை. தட்டை வட்டின் மேல் கொண்டுபோனாள்.

கருவி அலறியது. தோட்டக்காரர் ஒரு எட்டு பின்னால் போனார்.

"சரி" என்றாள் அவள். "முதல்லேர்ந்து."

கோடுகள் கலைந்திருந்தன. மறுபடி இழுத்தாள். இந்தத் தடவை அமைதி எங்கேயும் இல்லை. ஓரெட்டு வைத்தால் ஒரு சத்தம். கணவர் முட்டி போட்டார். தோண்டினார். பாட்டில் மூடி. தோண்டினார். மிட்டாய்த் தாள், உள்ளே வெள்ளி பூசியது. தலைக் கொண்டை ஊசி. ஆணி. இன்னொரு மூடி. ஒரு பொம்மைக் காரின் அச்சு.

"இந்தப் பூங்காவுல யாரும் தண்ணி குடிக்கறதில்ல போலிருக்கு" என்றார். "மூடியைத் திறந்து இங்க போட்டுட்டு, கலரைக் குடிச்சுட்டுப் போயிடறாங்க."

"தோண்டுங்க."

"தோண்டறேன். தாலி கட்டின நாள்லேர்ந்து தோண்டிக்கிட்டுதானே இருக்கேன்."

மாடி வீட்டுப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளும் முட்டி போட்டாள், சீருடையோடு. தோட்டக்காரர் ஒரு வாளி கொண்டுவந்தார். எடுத்ததையெல்லாம் அதில் போட்டார்கள். வாளியின் அடி மறைந்தது.

வாண்டு சட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறை அவர்கள் குனியும்போதும் எழுந்தாள். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தாள். கருவியின் சத்தம் அவளுக்குக் கேட்காது. பெரியம்மாவின் நடை நிற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் மரங்களுக்குப் பின்னால் போனது. அவள் தோள் சூடாக இருந்தது. நடுவே ஒருமுறை நின்று, இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். கணவர் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். குடித்தாள். மூடியைக் கவனமாகத் திருகி அவரிடம் கொடுத்தாள்.

தோண்டத் தோண்டச் சத்தங்கள் குறைந்தன. தோண்டிய கோட்டில் மறுபடி நடந்தாள். இப்போது வந்த அமைதியை நம்பலாம். பழைய வட்டை அங்கங்கே வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் கருவி கத்தியது. கத்தத் தெரிகிறது, அப்படியும் கத்தவில்லை என்றால் அங்கே இல்லை. கடைசிக் கோட்டையும் முடித்தாள்.

"எங்கயும் இல்லியேக்கா" என்றாள் மாடி வீட்டுப் பெண். அவள் குரல் தணிந்துவிட்டது. "பரவால்லக்கா. இவ்வளவு பாத்தீங்களே, அதுவே பெருசு. கை வேற. விடுங்க."

அதே சொல். அட விடுங்கக்கா.

"விடமாட்டேன்" என்றாள்.

சொன்ன வேகம் அவளுக்கே புதிதாக இருந்தது. கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் தொட்டியைச் சுற்றி நோக்கினாள். தேடாத இடம் என்று ஒன்றுதான் மிச்சம். சறுக்குமரம். நான்கு கால்களைச் சுற்றியும் ஒரு கை அகலத்துக்குக் கருவி ஓயாமல் அலறியது. உணர்திறனைக் குறைத்துப் பார்த்தாள். குறையவில்லை. இரும்பை வைத்துக்கொண்டு இரும்பைத் தேட முடியாது.

ஆலையில் இதற்கும் வழி இருந்தது. உலோக ஜிப் வைத்த ஆடையைக் கூண்டில் விட முடியாது, ஜிப்பைப் பார்த்தே அலறும். அவற்றைத் தனியாக ஒதுக்கி வைப்பார்கள். அவள் அவற்றை மடியில் போட்டு, தையல் தையலாக, விரலால் தடவுவாள்.

"மண்வாரியைத் தாங்க" என்றாள்.

கணவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கினாள். இன்னொரு கையில் பழைய வட்டு இருந்தது. வட்டு கையிலிருந்து துள்ளி மண்வாரியின் தகட்டில் போய் ஒட்டிக்கொண்டது. டக் என்று.

மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"காந்தம்" என்றார் கணவர்.

"பலகையை எந்தப் பக்கமா இழுத்தீங்க?" என்று தோட்டக்காரரிடம் கேட்டாள்.

"அங்கேர்ந்து இங்க. சறுக்குமரத்தைச் சுத்தி, அப்புறம் அந்தப் பக்கம்."

மண்வாரியைக் கீழே வைத்துவிட்டாள். தகடு பட்டால் ஒயர் அறுந்துவிடும். கருவியை அணைத்துச் சட்டத்தில் சாய்த்தாள். முட்டி போட்டாள். முதல் காலைச் சுற்றி மணலை விரலால் விலக்கினாள். இரும்பைத் தொட்டு, அதைத் தடவியபடியே கீழே போனாள். குளிர்ந்த இரும்பு, பெயர்ந்த பெயிண்ட், சிமெண்ட். ஒன்றுமில்லை. இரண்டாவது கால். ஒன்றுமில்லை. மூன்றாவது கால் சரிவுக்கு அடியில் இருந்தது. படுத்துத்தான் கையை விட வேண்டும். இடது கை எட்டவில்லை. வலது கையை நீட்டினாள். தோள் பயிற்சியில்கூட அவ்வளவு தூரம் போனதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். கன்னத்தில் மணல் ஒட்டியது.

விரல் நுனியில் வழவழப்பாக ஏதோ பட்டது. இரும்பு இல்லை. வட்டம். நகர்த்திப் பார்த்தாள். நகரவில்லை, பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் இறங்கியது. ஒயரைப் பிடித்து இழுக்கவில்லை. அதைத் தொடர்ந்தே விரலை விட்டாள். முனையில் அந்தத் துண்டு இருந்தது, முழுசாக.

"இருக்கு" என்றாள். மணலுக்குள் சொன்னதுபோல் இருந்தது.

"என்னக்கா?"

"இருக்கு, இருக்கு. யாரும் தொடாதீங்க. நான் எடுக்கறேன்."

வட்டை இரும்பிலிருந்து பெயர்த்தாள். ஊசித் துண்டை எடுப்பதுபோல் இரண்டு விரலில் பிடித்து வெளியே கொண்டுவந்தாள். எழ முடியவில்லை. கணவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். உள்ளங்கையைத் திறந்தாள். கருநீல வட்டு, ஒயர், துண்டு. மணல் ஒட்டிய ஒரு சின்னப் பூச்சிபோல் இருந்தது.

வாண்டு ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மாடி வீட்டுப் பெண் அப்படியே சட்டத்தில் உட்கார்ந்துவிட்டாள். தோட்டக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"லாரிக்காரன் கொடுத்துவெச்சவன்" என்றார். "குப்பையில்லாத மணலு அவனுக்கு."

"இன்னும் தெரியாது" என்றாள் மாடி வீட்டுப் பெண். "மணல் உள்ள போயிருந்தா வேலை செய்யாது."

கைப்பையைத் திறந்தாள். ஒரு சின்னத் தூரிகை, ஒரு துணி, ஒரு பேட்டரி. எப்போதும் வைத்திருப்பாள். தூரிகையால் ஒவ்வொரு ஓட்டையாகத் துடைத்தாள். பேட்டரி இரண்டு தடவை நழுவியது.

"குடு" என்றாள் அவள்.

வலது கையில் இன்னும் பலம் வரவில்லை. வலது கையால் துண்டைப் பிடித்து, இடது கையால் பேட்டரியைத் தள்ளினாள். கிளிக் என்றது. பச்சை விளக்கு சிமிட்டியது. ஒருமுறை. நின்று, மறுபடி.

மாடி வீட்டுப் பெண் மகளின் முடியை விலக்கினாள். வட்டைக் காதுக்கு மேலே கொண்டுபோனாள். அது தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. வாண்டு கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள்.

"திரும்பி நில்லு" என்று அம்மா தோளைத் திருப்பிவிட்டாள். பிறகு இவளைப் பார்த்துச் சொன்னாள். "தினமும் காலைல இப்படித்தான் பாப்போம்க்கா. முதுகுக்குப் பின்னாடி நின்னு சின்னச் சின்னதா சத்தம் குடுக்கணும். அவ திருப்பிச் சொல்லணும். உதட்டைப் பாக்கக் கூடாது. அப்பத்தான் மெஷின் நிஜமா கேக்குதான்னு தெரியும்."

"எங்க ஆலையிலயும் இப்படி ஒரு அட்டை உண்டு" என்றாள் அவள்.

மாடி வீட்டுப் பெண் இரண்டடி தள்ளி நின்றாள். தாழ்ந்த குரலில், "ஆ" என்றாள்.

"ஆ" என்றாள் வாண்டு. கத்தவில்லை.

"ஊ."

"ஊ."

"ஈ."

"ஈ."

"ம்."

"ம்."

"ஷ்."

"ஷ்" என்றாள் வாண்டு. தோட்டக்காரர் தன்னைத்தான் பேசாதிருக்கச் சொல்கிறார்களோ என்று பார்த்தார். கணவர் அவர் கையைப் பிடித்துச் சிரிப்பை அடக்கினார்.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த சத்தம் வரவில்லை. கண்ணைத் துடைத்தாள். வாண்டு திரும்பாமல், முதுகைக் காட்டியபடி, காத்திருந்தாள்.

"நீங்க சொல்லுங்கக்கா" என்றாள் மாடி வீட்டுப் பெண். "கடைசி ஒண்ணு. எதுவானாலும் சொல்லுங்க. மெதுவா."

அவள் வாண்டுவுக்குப் பின்னால் போய் நின்றாள். வலது கை தானாகத் தொங்கியது. உடம்பெல்லாம் மணல். மாடி வீட்டுப் பெண்ணைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த குட்டையான முடியையும், அதில் ஒட்டியிருந்த வட்டையும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வாண்டு, உங்கம்மாவுக்கு நான் இன்னும் ஒரு தேங்க்ஸ்கூடச் சொன்னதில்ல. எப்படிச் சொன்னா ஏத்துக்குவா, நீ சொல்லேன்."